விழாக்களமும் படப்பிடிப்புக் களமும்: லெஸ் பிளாங்கின் ஆவணப்படங்களில் கருப்பொருள்

அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் லெஸ் பிளாங்க் (1935–2013) குறித்து எழுதுவோர் பெரும்பாலும் அவருடைய படைப்புகளை இரு கூறாக்கிவிடுகின்றனர். இசையும் உணவும் விழாவும் நிறைந்த சிறுபடங்கள் ஒரு கூறு. ஜெர்மானிய இயக்குநர் வெர்னர் ஹெர்சாக்கின் 'ஃபிட்ஸ்கரால்டோ' படப்பிடிப்பைப் பதிவுசெய்த 'பர்டன் ஆஃப் டிரீம்ஸ்' (1982) மறு கூறு. முன்னவை களிப்பைச் சொல்வன, பின்னது ஒரு கலைஞனின் பித்தைச் சொல்வது என்பது இப்பகுப்பின் அடிப்படை. இது பொருந்தாது என்பது நம் துணிபு. பெரு நாட்டுக் காட்டுக்குள் அமைந்த படப்பிடிப்புத் தளத்தையும் பிளாங்க் விழாக்களத்தைக் கண்ட அதே கண்கொண்டே கண்டார். அப்படத்தின் வலிமையும் இடறலும் அக்கண்ணிலிருந்தே பிறக்கின்றன.

ஃபிளாரிடாவிலுள்ள டாம்பாவில் பிறந்த பிளாங்க், நியூ ஆர்லியன்ஸ் நகரின் டியூலேன் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியமும், பின்னர்த் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைக்கலையும் பயின்றவர். தொழில் நிறுவனங்களுக்கு விளம்பரப் படங்கள் எடுத்துப் பிழைத்த சில ஆண்டுகளுக்குப்பின் 1967இல் 'ஃபிளவர் ஃபிலிம்ஸ்' என்னும் தம் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அவ்வாண்டு ஈஸ்டர் ஞாயிறன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் எலிசியன் பூங்காவில் இளைஞர்கள் திரளாகக் கூடிக் கொண்டாடியதை அவர் படமாக்கினார். அதன்பின் டெக்சாஸ், லூசியானா, மெக்சிக்க எல்லைப்புறம் என நாட்டுப்புற இசை வாழ்ந்த இடங்களையெல்லாம் தேடிச் சென்றார்.

திறந்தவெளி இசைவிழாக்களைப் பதிவுசெய்யும் படங்கள் அமெரிக்காவில் பெருகிய காலம் அது. 1967இல் நிகழ்ந்த மான்டரே விழாவை டி. ஏ. பென்னிபேக்கரும், 1969இல் நிகழ்ந்த உட்ஸ்டாக் விழாவை மைக்கேல் வாட்லியும் படமாக்கினர். அவை பல ஒளிப்பதிவாளர்கள் பணிபுரிந்த பெருமுயற்சிகள். கூட்டத்தையும் அவை காட்டத் தவறவில்லை. உட்ஸ்டாக் படம் சேற்றையும் மழையையும் விரிவாகவே காட்டுகிறது. எனினும் அவற்றில் மேடையே நடு. ஏனையவை அதனைச் சூழ்ந்தவை. பிளாங்கின் 'ஆல்வேஸ் ஃபார் பிளஷர்' (1978) இம்முறையைத் தலைகீழாக்குகிறது. நியூ ஆர்லியன்ஸ் நகரின் மார்டி கிரா விழாவைப் பற்றிய அப்படத்தில் மேடை என ஒன்றைத் தேடிக் காண்பது அரிது. இறுதி ஊர்வலத்தில் இசைக்குழுவின் பின்னே ஆடிச்செல்வோர், 'மார்டி கிரா இந்தியர்' எனப்படும் கறுப்பினக் குழுவினர் மணிகோத்துத் தைக்கும் உடைகள், பாடகி அர்மா தாமஸ் சமைக்கும் சிவப்பு அவரை ஆகிய எல்லாம் ஒரே மதிப்பில் வருகின்றன. பாடகியை அடுப்பருகே நிறுத்திக் காட்டும் துணிவு அந்நாளைய இசைப்படங்களில் வேறெதற்கு இருந்தது?

இவ்வுணவுக் காட்சிகளைச் சுவையூட்டும் இடைச்செருகல்கள் எனத் திறனாய்வாளர் பலர் புன்னகையோடு கடந்துவிடுகின்றனர். படம் திரையிடப்படும்போது அரங்கினுள்ளேயே பூண்டு வாட்டி மணம் பரப்பும் பழக்கம் பிளாங்குக்கு இருந்ததும் இவ்வெண்ணத்துக்குத் துணைபோயிற்று. தமிழ்க் கவிதையியல் பயின்ற நமக்கு அவ்வாறு கடந்துசெல்ல வேண்டிய தேவையில்லை. தொல்காப்பிய அகத்திணையியல் கருப்பொருள்களைத் தொகுக்கும்போது உணவையும் பறையையும் தொழிலையும் யாழையும் ஒரே நிரலில் வைக்கிறது. ஒரு நிலத்து மக்கள் என்ன உண்டனர், என்ன தொழில் செய்தனர் என்பதை விடுத்து அவர்தம் இசையை மட்டும் தனியே பெயர்த்தெடுக்க அந்நூல் இடந்தருவதில்லை. பிளாங்க் தொல்காப்பியத்தை அறிந்தவரல்லர். ஒப்புமை காட்டிப் பெருமை தேடுவதும் நம் நோக்கமன்று. அவர் படங்களைப் படிக்க இக்கருவி மேலைத் திறனாய்வின் 'பண்பாட்டுச் சித்திரிப்பு' முதலிய பொதுச்சொற்களைவிடக் கூர்மையாக உதவுகிறது என்பதே நாம் சொல்ல விழைவது. 'சூலாஸ் ஃபிரான்டேராஸ்' (1976) இதற்குச் சான்று. டெக்சாஸ்–மெக்சிக்க இசையைப் பற்றிய அப்படத்தில் வயல்வேலைக்காக ஊர்விட்டு ஊர் செல்லும் கூலிகளின் உழைப்பு இசைக்குப் பின்னணியாக அமையவில்லை. இசையின் பொருளாகவே அமைந்துள்ளது. இசைத்தட்டு வெளியீட்டாளர் கிறிஸ் ஸ்ட்ராக்விட்சுடன் இணைந்து உருவாக்கிய அப்படம் 1993இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது.

இம்முறைக்கு விலையும் உண்டு. ராக் இசைக்கலைஞர் லியோன் ரஸ்ஸலைப் பற்றிப் படம் எடுக்க அழைக்கப்பட்ட பிளாங்க், 1972 முதல் 1974 வரை ஒக்லஹோமா மாநிலத்து ஏரிக்கரையில் தங்கிப் படம்பிடித்தார். விளைந்த படத்தில் ரஸ்ஸல் பாடுகிறார். ஆனால் நீச்சல்குளத்தில் ஓவியம் தீட்டும் கலைஞரும், கண்ணாடியைக் கடித்துத் தின்பவரும், கோழிக்குஞ்சை விழுங்கும் பாம்பும் அவருக்கு நிகராக இடம்பெறுகின்றனர். ரஸ்ஸல் அதனை வெளியிட இசையவில்லை. 'எ போயம் இஸ் எ நேக்கட் பர்சன்' என்னும் அப்படம் திரையரங்குகளுக்கு முறையாக வந்தது 2015இல். பிளாங்க் மறைந்து அப்போது ஈராண்டு ஆகியிருந்தது.

இப்பின்னணியோடு 'பர்டன் ஆஃப் டிரீம்ஸ்' படத்துக்கு வருவோம். ஹெர்சாக்கின் கதை பலரும் அறிந்ததே. 320 டன் எடையுள்ள நீராவிக் கப்பலைப் பிரிக்காமல் முழுதாக ஒரு குன்றின்மீது இழுத்து அடுத்த ஆற்றில் இறக்கவேண்டும். கதைக்கு மூலமான ஃபிட்ஸ்கரால்டு என்னும் ரப்பர் வணிகரோ சிறிய கப்பல் ஒன்றைப் பிரித்தெடுத்தே கொண்டுசென்றார். முதல் தளத்தில் அகுவருனா மக்களோடு பூசல் மூண்டு முகாம் எரிக்கப்பட்டது. படம் ஏறத்தாழ 40 விழுக்காடு முடிந்த நிலையில் கதைத்தலைவர் ஜேசன் ரோபார்ட்ஸ் நோயுற்று விலகினார். மிக் ஜாகரும் வெளியேறினார். கிளாஸ் கின்ஸ்கியை வைத்து எல்லாவற்றையும் மீண்டும் முதலிலிருந்து எடுக்க நேர்ந்தது.

அங்கே ஒளிப்பதிவுக்கருவியோடு பிளாங்க். ஒலிப்பதிவுக்கு மோரீன் காஸ்லிங். 1984இல் நூலாக வெளிவந்த அவ்விருவரின் நாட்குறிப்புகள் தளவாழ்க்கையின் இயல்பைப் படத்தைவிட வெளிப்படையாகப் பேசுகின்றன. மழை, சேறு, நோய், முடிவில்லாத காத்திருப்பு. கப்பல் ஏறினாலும் ஏறாவிட்டாலும் தமக்கு ஒன்றுமில்லை என்று பிளாங்க் குறித்துவைக்கும் அளவுக்குச் சலிப்பு. படப்பிடிப்பை ஓர் இதிகாசமாக்கிப் பேசும் திரை நூல்கள் இச்சலிப்பை மறைத்துவிடுகின்றன. நம் நோக்கில் அச்சலிப்பே அப்படத்தைக் காத்தது. கப்பலில் ஆர்வம் இழந்த கண், கப்பலைச் சூழ்ந்தவற்றின்பால் திரும்பிற்று.

ஆகவேதான் பெண்கள் மரவள்ளிக்கிழங்கை மென்று உமிழ்ந்து புளிக்கவைத்து 'மசாட்டோ' என்னும் பானம் ஆக்கும் காட்சி அங்கே விரிவாக வருகிறது. பூச்சிகளும் செடிகளும் அண்மைக் காட்சிகளாகத் திரையை நிறைக்கின்றன. புகழ்பெற்ற காட்டுரையில் ஹெர்சாக் காட்டின் அழகை முற்றாக மறுக்கிறார். பறவையொலியைப் பாட்டென ஏற்கவும் மறுத்து அதனை வலியின் ஓலம் என்கிறார். நாடெங்கும் பாட்டுத் தேடி அலைந்த ஒருவர் ஒளிப்பதிவுக்கருவியின் பின்னே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் மறுத்துப் பேசுவதில்லை. படத்தொகுப்பில் மசாட்டோவையும் எறும்பையும் அவ்வுரைக்கு இணையாக வைத்துவிடுகிறார். ஹெர்சாக்குக்குச் சொல்லப்பட்ட மறுமொழி அதுவே.

எனினும் விழாக்களத்தில் தடையின்றிப் பொருந்திய முறை காமிசேயா ஆற்றங்கரையில் முழுதும் பொருந்தவில்லை. நியூ ஆர்லியன்ஸ் நகரில் உணவும் இசையும் உடையும் அந்நிலத்துக்கே உரியவை. மக்கள் தம் விழாவைத் தாமே நிகழ்த்துகின்றனர். காமிசேயாவிலோ கப்பலும் கருவிகளும் கதையும் வெளியிலிருந்து வந்தவை. மச்சிகெங்கா, கம்பா மக்களும் தம் ஊர்களிலிருந்து கூலிக்கு வந்து, படக்குழுவினரிடமிருந்து பிரித்து அமைக்கப்பட்ட தனி முகாமில் தங்கியவர்கள். ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் பிறிதொரு நிலத்தில் வருவதைத் தொல்காப்பியம் ஏற்கிறது. ஆனால் ஒருவர் கட்டளைப்படி மற்றவர் நிலத்தில் நிகழும் இதனைத் திணைமயக்கம் என்று மென்மையாகச் சொல்ல இயலாது. மசாட்டோவை அன்போடு காட்டும் அதே கண், அதை ஆக்கிய பெண் எத்தனை நாள் வீட்டைப் பிரிந்து அங்கே காத்திருக்கிறாள் என்று அவளிடமே கேட்பதில்லை.

'த புளூஸ் அக்கார்டிங் டு லைட்னின் ஹாப்கின்ஸ்' (1968) படத்தில் ஹாப்கின்ஸ் தம் வாழ்வைத் தாமே சொன்னார். குறுக்கே விளக்குவோர் இல்லை. 'பர்டன் ஆஃப் டிரீம்ஸ்' படத்தில் பழங்குடி மக்களின் நிலையைப் பெரும்பாலும் ஹெர்சாக்கோ பின்னணிக் குரலோதான் நமக்குச் சொல்கின்றனர். பிளாங்கின் ஏனைய படங்களை அறியாதவர்க்கு இது குறையாகவே தோன்றாது. ஆவணப்படங்களில் வழக்கமாகக் காண்பதுதானே என்பர். டெக்சாஸ் படங்களைப் பார்த்துவிட்டு வருவோர்க்கோ கப்பல் குன்றேறும் ஆரவாரத்துக்கிடையே அம்மௌனம் தெளிவாகவே கேட்கும்.