கழுவிய கேனும் கணக்குத் தாளும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பேக்கேஜிங் சட்டம் 2025 பிப்ரவரி 11-ஆம் தேதி அமலுக்கு வந்தது. பெரும்பாலான விதிகள் நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஆகஸ்ட் 12. அங்கே விற்பனையாகும் பொருளின் உறை 2030-இல் மறுசுழற்சிக்கு உகந்ததாக இருக்க வேண்டும். அதே ஆண்டு முதல், உணவைத் தொடும் பெட் நெகிழியில் 30 விழுக்காடும், உணவைத் தொடாத மற்ற நெகிழி உறைகளில் 35 விழுக்காடும் பயன்படுத்திய நெகிழியிலிருந்து மீட்டதாக இருக்க வேண்டும். மலேசியாவின் கிள்ளானிலிருந்து பிஸ்கட்டோ சோப்போ அனுப்பும் தொழிற்சாலைக்கும் இந்தக் கேள்விகள் வந்து சேரும். மூடியின் எடை என்ன, லேபிளின் பசை எது, உறையில் எத்தனை படலங்கள் என்று தாளில் எழுதிக் காட்டியாக வேண்டும்.

நூறு பக்கத்துக்கு மேல் நீளும் அந்தச் சட்டத்தை ஐம்பது பேர் வேலை செய்யும் தொழிற்சாலையில் யார் உட்கார்ந்து படிப்பது? அங்கேதான் ஆலோசனை நிறுவனங்கள் வருகின்றன. டிலாய்ட், பிடபிள்யூசி, இஒய், கேபிஎம்ஜி ஆகிய நான்கு பெரிய நிறுவனங்களுக்கும் மலேசியாவில் அலுவலகம் உண்டு. அவற்றுக்குக் கீழே சிறிய ஆலோசகர்களும் இருக்கிறார்கள். சட்டத்தைக் கேள்விப் பட்டியலாக உடைத்து, பதில்களை வாங்கி, கோப்பாகக் கட்டித் தருவது இவர்கள் வேலை. அந்த வேலைக்கு மதிப்பு உண்டு. தன் பொருளைச் சுற்றியிருக்கும் உறை எதனால் ஆனது என்பதே தெரியாமல் காலம் தள்ளிய முதலாளி, ஆலோசகர் கேட்ட பிறகுதான் சப்ளையரிடம் போய்க் கேட்கிறார். கேட்டால்தான் மாற்றவும் முடியும்.

கேட்டு, எழுதி, கோப்பாக்கும் இந்த முறை எதைச் சாதிக்கும், எங்கே கோட்டைவிடும் என்பதை அறிய கோல சிலாங்கூர் வட்டாரத்தைப் பார்த்தால் போதும். பேக்கேஜிங்குக்கு முன்பே செம்பனையின் வழியாக இதைக் கண்டுவிட்ட மண் இது. மலேசியாவில் வணிகத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது 1917-இல், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தெனாமாரம் தோட்டத்தில். புக்கிட் பெலிம்பிங், புக்கிட் ரோத்தான், ஈஜோக் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் ரப்பர் நின்ற இடங்களையும் பிற்பாடு செம்பனை பிடித்துக்கொண்டது. ஆர்எஸ்பிஓ என்ற பன்னாட்டுச் சான்றிதழ் அமைப்பு 2004-இல் தோன்றியது. மலேசியாவின் சொந்தச் சான்றிதழான எம்எஸ்பிஓ 2020 முதல் கட்டாயம். பதிவேடும் பேனாவுமாகத் தணிக்கையாளர் வந்து இறங்குவது இன்று தோட்டங்களுக்குப் பழகிப்போன காட்சி.

தணிக்கையாளர்கள் செய்த நல்லது ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்தது; ஒரு தலைமுறைக்கு முன்பு வரை அவர்களில் மிகப் பலர் தமிழ்ப் பெண்கள். தெனகானிதா அமைப்பு 2002-இல் வெளியிட்ட ஆய்வு, அவர்கள் உடம்பில் அந்த நஞ்சு செய்த வேலையை வெளியே கொண்டுவந்தது. மருந்து தீர்ந்த கேன்கள் லயத்து வீடுகளில் தண்ணீர் பிடிக்கப் பயன்பட்ட காலம் உண்டு. இறுக்கமான மூடி, உறுதியான கைப்பிடி, காசு கொடுக்க வேண்டியதில்லை. வறுமையில் இருப்பவர் ஏன் எறிவார்? அந்தக் கேனும் ஒரு பேக்கேஜிங்தான். இந்த மக்கள் கையில் நேராக வந்து சேர்ந்த மிக ஆபத்தான பேக்கேஜிங் அதுவே.

அந்தக் கேனைக் கழுவிக் கழிக்கும் முறை எளியது. கேனில் கால்வாசி தண்ணீர் ஊற்றி, மூடி, அரை நிமிடம் நன்றாகக் குலுக்க வேண்டும். அந்தத் தண்ணீரை மருந்தடிக்கும் பம்பிலேயே ஊற்ற வேண்டும். இப்படி மூன்று முறை. பிறகு யாரும் மறுபடி தண்ணீர் பிடிக்க முடியாதபடி அடியில் ஓட்டை போட்டு, பூட்டிய கொட்டகையில் வைத்து, எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அட்டவணைக் கழிவுகள் குறித்த விதிமுறைகள் 2005-லேயே வந்துவிட்டன. ஆனாலும் ‘எண்ணெய் வாங்குகிறவன் கேட்கிறான்’ என்ற நிலை வந்த பிறகுதான் பல தோட்ட அலுவலகங்கள் கேன்களை எண்ணத் தொடங்கின என்பது என் கணிப்பு. பொத்தலிட்ட ஒவ்வொரு கேனும் ஒரு குடும்பத்தின் தண்ணீரிலிருந்து நஞ்சை விலக்கியது. இதைச் சாதித்த முறையைப் பொய் என்று ஒதுக்க எனக்கு மனம் வராது.

ஆனால் அதே தணிக்கையாளரின் கண்ணுக்குத் தப்பியவையும் சிறியவை அல்ல. இஐஏ, கிராஸ்ரூட்ஸ் என்ற இரு அமைப்புகள் 2015-இல் வெளியிட்ட அறிக்கை, ஆர்எஸ்பிஓ தணிக்கைகள் எப்படிக் கோட்டைவிடுகின்றன என்பதை விவரித்தது. ஐந்தாண்டு கழித்து, 2020 டிசம்பர் 30-இல், கட்டாய உழைப்புக்கான அறிகுறிகள் உள்ளன என்று கூறி சைம் டார்பி பிளாண்டேஷனின் செம்பனை எண்ணெயை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியது. சான்றிதழ் பெற்ற செம்பனை எண்ணெயை உலகிலேயே அதிகமாக உற்பத்தி செய்தது அந்த நிறுவனம். ஆண்டுதோறும் தணிக்கை நடந்தது, சான்றிதழும் கிடைத்தது. ஆனால் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த தொழிலாளி பட்ட கடன் எந்தக் கட்டத்திலும் ஏறவில்லை. தடை விழுந்த பிறகு நிறுவனம் வெளி ஆய்வாளர்களை அழைத்தது, தொழிலாளர்கள் ஆள்சேர்ப்புக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, நிர்வாகத்தைச் சீர்படுத்தியது. 2023 பிப்ரவரியில் தடை நீங்கியது. கப்பல் நின்றால் ஆலோசனை வேலை செய்கிறது. நிற்காத வரை அது கோப்பிலேயே தங்கிவிடுகிறது.

காரணம் தெரிந்ததுதான். தணிக்கை செய்யப்படுபவரே தணிக்கைக்குப் பணம் கட்டுகிறார். வருகிற நாள் முன்கூட்டியே தெரியும். மேனேஜர் பக்கத்தில் நிற்க, தொழிலாளியிடம் அவர் பேசாத மொழியில் கேள்வி கேட்டால் என்ன பதில் வரும்?

பேக்கேஜிங் விதிகளிலும் இந்த நோய் முன்பே தலைகாட்டிவிட்டது. இந்தியாவில் நெகிழி உறைகளுக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்ற நெறிமுறை 2022 பிப்ரவரியில் வந்தது. மறுசுழற்சி செய்பவர் சான்றிதழ் விற்கலாம், உற்பத்தியாளர் அதை வாங்கிக் கணக்கைச் சரிக்கட்டலாம். அடுத்த ஆண்டே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தணிக்கையில் சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்கள் பிடிபட்டன. உருகாத நெகிழி தாளில் உருகியிருந்தது.

சிலாங்கூர் மக்கள் இதன் இன்னொரு முகத்தை மூக்கால் அறிந்தவர்கள். 2018-இல் சீனா நெகிழிக் கழிவுக்குக் கதவடைத்ததும் அந்தக் கப்பல்கள் கிள்ளான் துறைமுகத்தை நோக்கித் திரும்பின. கோல லங்காட்டின் ஜெஞ்சாரோமில் உரிமமில்லாத ஆலைகள் இரவில் எரித்த புகையில் மக்கள் தூங்க முடியாமல் தவித்தார்கள். அனுப்பிய நாடுகளின் புள்ளிவிவரத்திலோ அந்தக் கழிவு ‘மறுசுழற்சிக்குப் போனது’. 2020 ஜனவரி வரை 150 கொள்கலன்களை 13 நாடுகளுக்கு மலேசியா திருப்பி அனுப்பியது. 2026 நவம்பர் 21 முதல் தன் நெகிழிக் கழிவு பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பில் (ஓஇசிடி) சேராத நாடுகளுக்குப் போகக் கூடாது என்று ஐரோப்பாவும் விதி செய்திருக்கிறது. இங்கே மூச்சுத் திணறியவர்கள் கத்தியதால்தான் அந்த ‘மறுசுழற்சி’க் கணக்கின் பொய் வெளிப்பட்டது. எந்த ஆலோசனை நிறுவனமும் முதலில் எச்சரித்ததாக நான் அறியேன்.

இன்று என்னை மிகவும் உறுத்துவது நம் அடுப்படியில் கிடக்கும் ஒரு பாக்கெட். அரசு மானியத்தில் 2 ரிங்கிட் 50 காசுக்குக் கிடைக்கும் ஒரு கிலோ சமையல் எண்ணெய். அந்தத் திட்டத்தின் மாத ஒதுக்கீடு 60,000 டன். அப்படியே நிரப்பினால் மாதத்துக்கு 6 கோடி பாக்கெட். இந்த வட்டாரத்துச் செம்பனைக் குலையும் கலந்திருக்கக்கூடிய எண்ணெய்தான். ஏழைக் குடும்பத்துக்கு அது அவசியம், மானியத்தில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய அந்த மெல்லிய பையைப் பழைய சாமான் வாங்குபவர் தொடமாட்டார். வீட்டுக்குப் பின்னால் எரிகிறது, இல்லையென்றால் குப்பை லாரியில் ஏறுகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் குப்பையை 2007 முதல் வாங்கிப் புதைக்கும் ஜெராம் நிலப்பரப்பு இருப்பதும் இதே கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான். ஏற்றுமதியாகாத பாக்கெட் என்பதால் ஐரோப்பியச் சட்டம் அதைத் தேடி வராது. சட்டம் வராத இடத்துக்கு ஆலோசகரும் வருவதில்லை. முக்கிய நெகிழி வகைகளில் 2019-இல் மலேசியா மறுசுழற்சி செய்தது 24 விழுக்காடுதான் என்று உலக வங்கியின் 2021 ஆய்வு சொன்னது. மீதியில் இந்தப் பை எத்தனை?

ஆலோசனைத் தொழிலை மூடச் சொல்லவில்லை, அதன் சம்பளம் வரும் வழியை மாற்றச் சொல்கிறேன். சரிபார்ப்பவருக்கான கட்டணம் அரசு நடத்தும் பொது நிதிக்குப் போய், யார் எங்கே போவது என்பதை அந்த நிதியே முடிவு செய்யட்டும். ஆலோசனை சொன்ன நிறுவனமே அதே கோப்புக்குச் சான்றும் தரக் கூடாது. தொழிலாளியிடம் தோட்டத்துக்கு வெளியே, அவர் மொழியில் பேச வேண்டும். உறை கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை ஊராட்சி மன்றத்தின் எடைச் சீட்டோடு ஒப்பிட வேண்டும். 2021-இல் வெளியான மலேசிய நெகிழித் திட்டவரைவு, உற்பத்தியாளர் பொறுப்பைக் கட்டாயமாக்க 2026-ஐ இலக்காக வைத்தது. அந்தச் சட்டம் வரும்போது அதன் பட்டியலில் முதலில் ஏற வேண்டியது ஏற்றுமதி பிஸ்கட்டின் உறை அல்ல, இந்த எண்ணெய்ப் பாக்கெட். அதை நிரப்பி விற்கும் ஆலைகள் அரசின் மானியத்தை வாங்குகின்றன. பையைத் திரும்பச் சேகரிக்கும் செலவில் ஒரு பங்கை ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையை அந்த மானியத்தோடு சேர்க்க அரசுக்கு ஐரோப்பாவின் அனுமதி தேவையில்லை.