பழக்கூடையில் சிக்கிய இயற்கணிதம்

புலனத்தில் சுற்றிவரும் படிவம் 1 இயற்கணிதப் பயிற்றிகளைக் கொஞ்ச நாளாகக் கவனித்து வருகிறேன். உழைப்புக்குக் குறைவில்லை. ஆனால் பல பயிற்றிகள் ஒரே இடத்தில் சறுக்குகின்றன: ‘ம என்றால் மாம்பழம், வ என்றால் வாழைப்பழம், அதனால் 3ம + 2வ சேராது.’ (ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகத் தமிழ் எழுத்துகளைத் தந்துள்ளேன்.)

கேட்க நல்லாத்தான் இருக்கு. அடுத்த பக்கத்திலேயே ‘ம = 4 எனில் மதிப்பு என்ன?’ என்று வருகிறது. மாம்பழம் எப்படி 4 ஆகும்? ‘மவ’ என்றால் மாம்பழத்தை வாழைப்பழத்தால் பெருக்குவதா? எழுத்தைப் பொருளாகக் காணும் இப்பழக்கத்தை, 1970களில் இங்கிலாந்து மாணவர்களை ஆராய்ந்த டீட்மர் கூச்மன் தனி வகையாகவே குறித்தார். எழுத்து ஓர் எண்ணுக்கு நிற்கிறது, பழத்துக்கு அல்ல.

நம்ம ஜோர்ஜ்டவுன் கடையையே எடுத்துக்கொள்வோம். ஒரு ரொட்டி சானாயின் விலை ர ரிங்கிட், தே 2 ரிங்கிட். ஒருவருக்கு ர + 2. மூவருக்கு 3(ர + 2). விரித்தால் 3ர + 6. மாணவர் 3ர + 2 என்று எழுதினால், மூவர் தே குடித்துவிட்டு ஒரு தேக்கு மட்டும் காசு கொடுக்கிறார்கள். கடைக்காரர் விடுவாரா?

இன்னொரு குறை, மதிப்பிடுதலையும் விரித்தலையும் தனித்தனியாக வைப்பது. பாடநூலில் முதலாவது படிவம் 1, அத்தியாயம் 5. இரண்டாவது படிவம் 2, அத்தியாயம் 2. பயிற்றியாவது இரண்டையும் இணைக்கலாமே! −2(ர − 5) என்பதை −2ர − 10 என்று விரித்தவர், ர = 3 எனப் போட்டுப் பார்க்கட்டும். முதல் கோவை 4, விரித்தது −16. பிழை தானே தெரியும். சரியான விடை −2ர + 10.

மாணவர்களே, சோதிக்க 0, 1, 2 வேண்டாம். (ர + 3)², ர² + 9 இரண்டும் ர = 0 எனும்போது 9 தான்; ர = 5 போட்டால் 64, 34. எதிர்ம எண்ணை அடைப்புக்குறிக்குள் போடுங்கள்: (−3)² = 9.

தமிழ்ப்பள்ளியில் தமிழில் கணிதம் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் இப்பாடத்தை மலாயிலோ ஆங்கிலத்திலோ சந்திக்கிறது. அப்போது பொருளும் நழுவினால் மனனம்தான் மிஞ்சும். 2022இல் பி.தி.3 நீக்கப்பட்டது, இனி இந்தப் பிழை எஸ்.பி.எம். வரை ஒளிந்திருக்கலாம். ஆசிரியர்களே, ஒவ்வொரு விரிவுக்கும் கீழே ‘சோதித்துப் பார்’ என ஒரு வரி சேர்ப்போம்.