சும்மா இருந்தவள் யார்?

சோம்பலை வளர்ப்பது சட்டத்தின் நோக்கமல்ல என்றொரு கருத்தைத் தில்லி உயர்நீதிமன்றம் 2025ஆம் ஆண்டு மார்ச் திங்களில் வெளியிட்டது. மனைவி கற்றவள்; முன்பு வேலை பார்த்தவள்; இனியும் பார்க்கக் கூடியவள்; ஆகவே கணவனிடமிருந்து இடைக்காலத் தொகை பெற உரிமையில்லை என்பது முடிவு. அந்த வழக்கின் உண்மைகளை அந்த மன்றம் அறியும். தீர்ப்பின்மேல் தீர்ப்பெழுத நாம் முற்படவில்லை. நம்மைத் தைப்பது அந்தச் சொல். சோம்பல்! நீதிமன்றத்தில் பிறந்த சொல் நீதிமன்றத்திலேயே தங்கிவிடுவதில்லை, தோழர்களே! நாளை அது வழக்கறிஞரின் நாவில் ஏறும்; மறுநாள் திண்ணைக்கு வரும்; அதற்கடுத்த நாள், இடுப்பில் குழந்தையோடு குடும்பநல நீதிமன்றத்தின் படிக்கட்டில் நிற்கும் தாயின் முகத்தில் அறையும்.

ஏட்டைப் புரட்டிப் பார்ப்போம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்று நம் வாயில் நுழையாப் பெயர் சூடிய புதிய சட்டத்தில் 144ஆம் பிரிவாக இருக்கிறது. எண் மாறிற்று, கருத்து மாறவில்லை. போதிய வசதியுள்ளவன், தன்னைத் தானே பேணிக்கொள்ள இயலாத மனைவியைப் புறக்கணித்தால் மாதந்தோறும் தொகை தரவேண்டும். மணவிலக்கானபின் மறுமணம் செய்துகொள்ளாதவளும் அங்கே மனைவியாகவே கருதப்படுவாள். 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமோ, 24, 25ஆம் பிரிவுகளில், மனைவி கேட்பதுபோல் கணவனும் கேட்கலாம் என்கிறது. வேலையை விட்டுப் பிள்ளையை வளர்த்த தந்தைக்கும் அங்கே கதவு திறந்திருக்கிறது. ஆணுக்கு நீதியில்லை என்று மேடைதோறும் முழங்குவோர் இந்தப் பிரிவுகளைப் படித்ததுண்டோ, நாமறியோம்.

இதற்கு நாட்டார் வைத்த பெயர் ஜீவனாம்சம். உயிர் ஒட்டிக்கொண்டிருக்க ஒரு துண்டு! பெயருக்கேற்ற மனமும் வந்து சேர்ந்தது. மாதம் 500 ரூபாய்க்குமேல் கூடாது என்ற உச்சவரம்பு 2001ஆம் ஆண்டில்தான் ஒழிந்தது. ‘இயலாத’ என்ற சொல்லுக்கு, பிச்சையெடுக்கும் நிலைக்கு வந்தவள் என்று பொருள் கொண்டவர்களும் இருந்தனர். 2007இல் உச்சநீதிமன்றம் அதை மறுத்தது: அவள் நடுத்தெருவில் நிற்கவேண்டியதில்லை, கணவனோடு வாழ்ந்தபோது இருந்த நிலையையும் நோக்கவேண்டும் என்றது. 2017இல் மேலும் தெளிவாக, சம்பாதிக்கக் கூடியவள் என்பது வேறு, சம்பாதிக்கிறவள் என்பது வேறு என்றது. நீந்தத் தெரிந்தவனைக் கரையேறியவன் என்று கணக்கில் எழுதலாமா?

2020 நவம்பர் 4ஆம் நாள் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பை இத்துறையின் கைவிளக்கு என்போம். இருவரும் வருவாய், சொத்து, கடன் யாவற்றையும் உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதித் தரவேண்டும். மனுச் செய்த நாளிலிருந்தே தொகை கணக்காக வேண்டும் என்று அது விதித்தது. வேலையில்லை என்று கணவன் சொன்னால் மட்டும் போதாது. உடல் வலுவும் கல்வியும் உள்ளவனுக்குப் பொறுப்பு நீங்காது என்றும் சொன்னது.

இளைஞரொருவர் நம்மைக் கேட்கக்கூடும்: “ஆணின் வேலையின்மையை ஐயுறும் மன்றம், பெண்ணின் வேலையின்மையை மட்டும் அப்படியே நம்பவேண்டுமா?” நல்ல கேள்வி. நம்ப வேண்டியதில்லை, விசாரிக்க வேண்டும். வருவாயை மறைப்பவள் உண்டென்றால் அந்தப் பத்திரம் அவளையும் காட்டிக்கொடுக்கட்டும். ஆனால் விசாரணை எங்கே தொடங்க வேண்டும்? பட்டம் இருக்கிறதா என்பதிலா? வேலை ஏன் போயிற்று என்பதிலா? குடும்பத்தையும் பிள்ளைகளையும் பேணுவதற்காகத் தொழிலைக் கைவிட்டாளா என்று பார்க்கவேண்டும் என அதே 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பு எழுதிவைத்திருக்கிறது. பத்தாண்டுக்கு முன் வாங்கிய பட்டத்தைக் காட்டி, “நாளையே போ, சம்பாதி” என்பவர், அந்தப் பத்தாண்டில் பிள்ளைக்குச் சோறூட்டியது யார், காய்ச்சலில் விழித்திருந்தது யார் என்று கேட்டாரா?

2019ஆம் ஆண்டு இந்திய அரசு நடத்திய நேரக்கணக்கு ஆய்வு சொல்கிறது: ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் உழைக்கிறாள், ஈடுபடும் ஆண் 97 நிமிடம். அதிலும் ஈடுபடும் ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தாம். மற்றவர்களைக் கணக்கெடுக்க நிமிடமே தேவைப்படவில்லை! குழந்தைகளையும் முதியோரையும் பேணும் நேரம் இதில் சேராது. அது தனிக் கணக்கு.

இந்தக் கணக்கை உச்சநீதிமன்றமே 2021 ஜனவரியில் எடுத்தாண்டது. எதற்கு? சாலை விபத்தில் மாண்ட இல்லத்தரசியின் உழைப்புக்கு விலை மதிப்பிட! மாண்டவளின் அடுப்படிக்கு ஊதியம் உண்டு. பிரிந்து வந்து உயிரோடு நிற்பவளின் அடுப்படிக்குப் பெயர் சோம்பலா? விபத்து வழக்கில் உழைப்பாளி, மணவிலக்கு வழக்கில் சோம்பேறி! ஒரே பெண், ஒரே வேலை. மாறியது வழக்கின் எண் மட்டுமே.

கைவிளக்கு என்று நாம் போற்றிய தீர்ப்பிலும் ஒரு குறை உண்டு. கணவன் தருவதை அது அறக்கடமை என்கிறது. கடமை என்றால் கொடுப்பவன் உயர்ந்து நிற்கிறான், வாங்குபவள் கையேந்தி நிற்கிறாள். பங்கு என்று சொல்லிப் பாருங்கள், இருவரும் சமதளத்துக்கு வருவர். சென்னை உயர்நீதிமன்றம் 2023 ஜூன் 21ஆம் நாள் அந்தத் தளத்தில்தான் பேசிற்று. கணவன் வெளிநாட்டில் பொருளீட்டினான். மனைவி ஊரில் வீட்டையும் பிள்ளைகளையும் காத்தாள். சமைப்பவள், மருத்துவம் பார்ப்பவள், வரவு செலவு கவனிப்பவள் என்று அவள் செய்த பணிகளை நீதிபதி எண்ணிக் காட்டி, அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்துகள் சிலவற்றில் அவளுக்குச் சரிபாதி உண்டென்றார். அவள் வீட்டில் இருந்ததால்தான் அவன் வெளியே ஈட்ட முடிந்தது என்ற எளிய உண்மை, அன்று சட்டத்தின் மொழியில் ஏறிற்று.

அது சொத்து வழக்கு. மணவிலக்குக் கேட்டு வருவோரில் பலருக்குப் பங்கிடச் சொத்தே இராது. வாடகை வீடும் மாதச் சம்பளமும்தான் இருக்கும். அந்தச் சம்பளத்தில் அவள் பங்கு எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு, அவள் மீண்டும் வேலைக்குப் பயிற்சி பெறும் காலத்துக்குச் செலவு யாருடையது என்பவற்றைக் குடும்பநல நீதிமன்றங்களில் இனி ஒவ்வொரு மனுவிலும் எழுதிக் கேட்கவேண்டும். சட்டம் பயிலும் நம் இளைஞர்கள் அந்த மனுக்களை எழுதத் தொடங்கட்டும்.