சுவரில் நிலைத்த காலமும் திரையில் நகரும் காலமும்

ஓவியம் இடத்தைச் சார்ந்த கலை. காலத்தின் ஓட்டத்தைக் காட்டுதற்கு உரியது கவிதையே என்னும் கருத்தை ஜெர்மானிய அறிஞர் லெஸ்ஸிங் 1766இல் வெளியிட்ட ‘லாவோக்கூன்’ என்ற நூலில் வலியுறுத்தினார். திரைப்படம் தோன்றிய பின்னர், காலத்தை ஆளவல்ல காட்சிக்கலை அதுவே எனக் கொள்ளுதல் இயல்பாயிற்று. பல்லேகலவுக்கு அண்மையிலுள்ள தெகல்தொருவ குகை விகாரையின் சுவர்கள் இவ்விரு முடிபுகளையும் மீள்பரிசீலனை செய்யத் தூண்டுகின்றன.

கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனின் (1747–1782) ஆதரவில் உருவான இவ்விகாரையில் ஜாதகக் கதைகள் கிடைவரிசைகளாக நீள்கின்றன. வெஸ்ஸந்தர ஜாதகத்தில் ஒரே இளவரசன் மீண்டும் மீண்டும் தோன்றுகிறான். வெள்ளை யானையைத் தானம் செய்கிறான். அதன் பயனாக நாடு கடத்தப்படுகிறான். வனத்திலே தன் பிள்ளைகளையும் பிராமணன் ஒருவனுக்குக் கொடுத்துவிடுகிறான். இங்கு காலத்தை இயக்குபவர் பார்வையாளரே. அவர் நடந்தால் கதை நடக்கும், நின்றால் நிற்கும், திரும்பினால் சென்ற காலமும் திரும்பும். செயலும் அதன் விளைவும் ஒருசேரக் கண்முன் நிற்பதே இம்மரபின் தனிச்சிறப்பு எனலாம்.

திரைப்படத்தில் நிலைமை வேறு. வினாடிக்கு 24 சட்டகங்களாக ஓடும் படத்தின் வேகத்துக்குப் பார்வையாளர் கட்டுப்பட்டவர். கடந்த காட்சி மறைந்துவிடுகிறது. வணிகப்படங்கள் இவ்வாற்றலை எவ்வாறு பயன்படுத்தின என்பது நாம் அறிந்ததே. ஓடும் சிறுவனின் கால்கள் ஒரு வெட்டில் இளைஞனின் கால்களாகின்றன. நாட்காட்டியின் தாள்கள் பறக்கின்றன. இவ்வுத்தி வெறும் சிக்கனமன்று. உழைப்பு, வறுமை, காத்திருப்பு ஆகியவை மனிதரை உருவாக்கும் ஆண்டுகளே அந்த வெட்டில் நீக்கப்படுகின்றன. காரணம் மறைய, விதி மட்டுமே எஞ்சுகிறது.

தர்மசேன பத்திராஜவின் ‘பொன்மணி’ (1977) இவ்விடத்திலேயே முக்கியத்துவம் பெறுகிறது. யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றில் சீதனமும் சாதியும் பெண்களின் வாழ்வை முடக்குவதைக் கூறும் இப்படம் வணிகரீதியில் வெற்றி பெறவில்லை. அதன் மந்தகதியைக் குறையாகக் கொள்வோர் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். சீதனத்துக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்கு அந்த மந்தமே வாழ்க்கை. அதனை ஒரு பாட்டுக்குள் கடத்திவிடுவது அவளுக்கு இழைக்கும் அநீதியாகும்.

மெதுவாக நகர்வது தன்னளவிலேயே ஒரு கலைச்சிறப்பு என்பது இதன் பொருளன்று. தெகல்தொருவ ஓவியத்தின் பொறுமையும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. வெஸ்ஸந்தரன் கதையில் துன்பம் ஒரு சோதனை. இறுதியில் இழந்த யாவும் மீள்கின்றன. அரச ஆதரவில் வளர்ந்த அச்சமயக் கலை, பொறுத்திருத்தலுக்குப் பயன் உண்டு என்றே கற்பித்தது. ‘பொன்மணி’யிலோ பொறுத்திருத்தலுக்குப் பயன் ஏதுமில்லை. அங்கு கழியும் காலம் புண்ணியமாகச் சேர்வதில்லை; சமூக அமைப்பொன்று அதனைப் பறித்துக்கொள்கிறது.

ஆகவே, ஒரு கலை காலத்தை எத்துணை விரைவாகக் காட்டுகிறது என்பதினும், யாருடைய காலத்தைக் காட்டுகிறது, எதனை நீக்கிவிடுகிறது என்பனவே விமர்சகர் எழுப்பவேண்டிய வினாக்கள். காரணத்தையும் விளைவையும் ஒருங்கே நிறுத்தும் ஆற்றலைச் சுவரிடமிருந்து திரை கற்கலாம். அக்காரணம் ஊழன்று, மனிதர் ஆக்கியது, மனிதரால் மாற்றத்தக்கது எனக் காட்டும் பொறுப்போ திரைக்கே உரியது.