ஓபனிங் பேலன்ஸ் நாற்பது டிகிரி

'கூலர்' என்று பெயர் வைத்த புண்ணியவானை ஒரு மே மாதம் பெண்ணாடத்துக்கு அழைத்து வர வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்கு ரயில்வே ஸ்டேஷன் வாசலில் நிற்க வைத்து, "எங்கே, எதையாவது கூல் பண்ணிக் காட்டுங்க பார்ப்போம்" என்று கேட்க வேண்டும்.

கம்ப்யூட்டருக்குள் பிராசஸரின் தலை மேல் உட்கார்ந்திருக்கும் உலோகத் தகடுகளையும் விசிறியையும் சேர்த்துத்தான் சி.பி.யூ. கூலர் என்கிறோம். உண்மையில் அது எதையும் குளிர வைப்பதில்லை. பிராசஸரில் பிறக்கும் சூட்டைத் தூக்கிக்கொண்டு போய் அறைக் காற்றில் கொட்டுகிறது. போர்ட்டர் உத்தியோகம், அவ்வளவுதான். மண்பானைத் தண்ணீர் அறையைவிட ஜில்லென்று இருக்கிறதே என்பீர்கள். அது பானை கசிந்து, ஆவியாகி, செய்கிற வித்தை. நம் கூலருக்கு அந்த வித்தை தெரியாது. அறை 40 டிகிரி என்றால், நீங்கள் முப்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கி மாட்டினாலும் பிராசஸர் 40-க்குக் கீழே இறங்காது.

இதை இப்போது எழுதக் காரணம், பெண்ணாடத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒரு நண்பர். கல்யாண வீடியோதான் முக்கிய வருமானம். இன்டெல் ஐ7-12700 பிராசஸர் போட்ட மெஷின். போனில் சொன்னார்: "ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல பறக்குது ஸார். மத்தியானம் அதே வேலையைக் குடுத்தா மாட்டுவண்டி ஆயிடுது. தண்ணி கூலர் போடுன்னு தங்கச்சி பையன் ஒத்தக் கால்ல நிக்கறான். ஒம்போதாயிரம் ஆகுமாம். போட்டுடலாமா?"

கேட்பதற்கு பொம்மை வாங்கும் விஷயம் மாதிரி இருக்கும். இல்லை. வைகாசி முகூர்த்தமும் கத்திரி வெயிலும் ஒன்றாகத்தான் வரும். கல்யாண வீடியோவில் பாக்கிப் பணம், பென் டிரைவ் கைக்கு வந்த பிறகுதான் வீட்டுக்காரர் கொடுப்பார். ரெண்டரிங் ஒரு நாள் தள்ளிப்போனால் வசூலும் தள்ளிப்போகும். வட்டிக் கடை மட்டும் தள்ளிப்போகாது.

அவர் சொன்ன 'ராத்திரி பறக்குது' என்பதில்தான் நோயின் பெயரே இருக்கிறது. அந்தப் பிராசஸருக்கு 100 டிகிரி லட்சுமணக் கோடு. அதைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெடிக்காது, புகையாது. சத்தம் போடாமல் சோம்பேறியாகிவிடும். இரவு அறை குளிர்ந்திருப்பதால் கோடு எட்டாத தூரத்தில் இருக்கிறது. பகலில் பக்கத்தில் வந்துவிடுகிறது.

* * *

இனி விமர்சனம். முதலில் அட்டைப் பெட்டி.

பிராசஸர் பெட்டியில் 65 வாட் என்று போட்டிருக்கும். அது நிதானமாக, அடிப்படை வேகத்தில் ஓடும்போது. முழு மூச்சில் ஓடினால் 180 வாட் வரை போகும் என்று இன்டெல்லே தன் விவரக்குறிப்பில் சொல்கிறது. கடைக்காரர் வாயில் வருவது மட்டும் 65. கூலர் பெட்டியில் 220 வாட், 250 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். எந்த அறையில், எத்தனை டிகிரி சூட்டில் அந்த 250 என்று பெரும்பாலும் இருக்காது. எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவுகோலும் கிடையாது. ஒருவர் செலவைக் குறைத்துச் சொல்கிறார், இன்னொருவர் வரவைக் கூட்டிச் சொல்கிறார். நான் படித்த பி.காம்.-மில் இப்படி இரண்டு லெட்ஜர் வைத்தால் ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டார்.

அடுத்து, இன்டர்நெட் விமர்சகர்கள். நல்லவர்கள், உழைப்பாளிகள். ஆனால் பெரும்பாலான சோதனைகள் இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவே வைத்த ஏ.சி. அறையில், பல சமயம் கேபினெட்டே இல்லாத திறந்த மேஜையில் நடக்கின்றன. கிராஃபில் 76 டிகிரி என்று பார்க்கிறோம். ஆஹா, 100-க்கு இன்னும் 24 மிச்சம் என்று வாங்குகிறோம். இது ஓபனிங் பேலன்ஸைப் பார்க்காமல் குளோஸிங் பேலன்ஸை மட்டும் படிப்பது. சில நேர்மையான விமர்சகர்கள் 'அறை வெப்பத்துக்கு மேல் இத்தனை' என்று எழுதுகிறார்கள். அவர்களை மட்டும் நம்புங்கள்.

புரிவதற்காக ஒரு கணக்கு, எண்கள் உத்தேசம்தான். ஒரு நல்ல கூலர், ஒவ்வொரு வாட்டுக்கும் பிராசஸரை அறையைவிட 0.3 டிகிரி உயர விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 180 வாட்டுக்கு 54 டிகிரி. ஏ.சி. அறை 22 என்றால், 76. கிராஃபில் பார்த்த அதே எண். பெண்ணாடம் மத்தியானம் 40 என்றால், 94. கேபினெட் மூடியிருக்கிறது, உள்ளே இருக்கும் காற்று வெளியைவிட 6 டிகிரி அதிகம் என்றால், 100. கோடு வந்துவிட்டது. கூலர் மேல் தப்பே இல்லை. சோதனை எழுதிய ஊர் வேறு, அவ்வளவுதான்.

* * *

சந்தையில் உள்ள சரக்கை மூன்று ஜாதியாகப் பிரிக்கலாம்.

ஒன்று, பிராசஸரோடு இலவசமாக வருவது. ஸ்டுடியோக்காரரின் மெஷினில் இருப்பதும் இதுதான். இதைக் கண்டபடி திட்டுவது இப்போது ஃபேஷன். அந்தத் திட்டு பாதிதான் நியாயம். பில் போடும் மெஷின், டி.டி.பி. சென்டர், பசங்களின் படிப்பு இதற்கெல்லாம் தாராளமாகப் போதும். அங்கே தனிக் கூலர் வாங்குவது, சைக்கிளுக்கு ரேடியேட்டர் வைப்பது. ஆனால் மணிக்கணக்கில் முழு மூச்சில் ஓடும் வேலைக்கு இந்த இலவசம் ஆகாது.

இரண்டு, கோபுரக் கூலர். செம்புக் குழாய்கள், மேலே அலுமினியத் தகடுகள், பக்கவாட்டில் 12 செ.மீ. விசிறி. அந்தக் குழாய் வெறும் செம்புக் கம்பி இல்லை. உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் வைத்து மூடியிருப்பார்கள். சூடான முனையில் தண்ணீர் ஆவியாகி ஓடும், குளிர்ந்த முனையில் மறுபடி தண்ணீராகி, உள்சுவர் திரி வழியாகத் திரும்பும். மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை. அமெரிக்காவில் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் க்ரோவர் 1963-ல் செய்து காட்டிய சமாசாரம், விண்வெளிக்குப் போய்விட்டு நம் மேஜைக்கு வந்திருக்கிறது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பல வருடம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212, இப்போது அதே இடத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் கோபுர தெர்மல்ரைட் பியர்லெஸ் அஸாஸின் 120 எல்லாம் இந்த ரகம். விசிறி செத்தால் சில நூறு ரூபாயில் வேறு விசிறி மாட்டலாம். மற்றதெல்லாம் உலோகம், கெட்டுப்போக அதிகம் இல்லை.

இதே ஜாதியில் பணக்கார உறவினர் ஆஸ்திரியாவின் நாக்டுவா. என்.ஹெச்.-டி15 மாடல் 2014-ல் வந்தது. விசிறிகளோடு சேர்த்து 1.3 கிலோ, தூங்கானை மாடம் இருக்கிற ஊருக்குப் பொருத்தமான கனம். அருமையான பொருள், சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் அதற்குக் கொடுக்கும் கூடுதல் காசில் பெரும்பங்கு அமைதிக்கு. வியன்னாவில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் அந்த அமைதி காதில் கேட்கும். தலைக்கு மேல் சீலிங் ஃபேன் ஐந்தில் சுற்றுகிற ஊரில் யாருக்குக் கேட்கும்?

மூன்று, தங்கச்சி பையன் கேட்கிற தண்ணி கூலர். பம்ப், ரப்பர் குழாய், ரேடியேட்டர், அதில் இரண்டு மூன்று விசிறி, வானவில் விளக்கு. தண்ணீர் என்றதும் மனசு குளிர்கிறது, அங்கேதான் விற்பனையே. தண்ணீர் சுமக்கிறதே தவிர, கடைசியில் கொட்டுவது அதே 40 டிகிரி காற்றில்தான். ஆரம்பத்தில் தண்ணீர் சூடாகக் கொஞ்ச நேரம் எடுப்பதால் சின்னச் சோதனைகளில் மார்க் வாங்கும். இரண்டு மணி நேர ரெண்டரிங்கில் அந்தச் சலுகை தீர்ந்துவிடும். அதன் பிறகும் பெரிய ரேடியேட்டர் சில டிகிரி முன்னாலேதான் நிற்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் பம்ப் போனால் மொத்தமும் போச்சு. உள்ளே இருக்கும் திரவமும் குழாய்ச் சுவர் வழியாக வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். வைகாசி நடுவில் பம்ப் நின்றால், வாரன்ட்டி பார்சல் போய்த் திரும்புவதற்குள் ஆனி பிறந்துவிடும்.

* * *

சரி, எதற்கு எவ்வளவு? காமர்ஸ் பையனாக, ஒரு டிகிரி குறைக்க என்ன செலவு என்று பார்க்கலாம்.

நல்ல கோபுரக் கூலர் உத்தேசமாக 3,000 ரூபாய். 9,000 ரூபாய் தண்ணி கூலர் அதைவிட 11 டிகிரி குறைக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். கூடுதல் 6,000-ஐ வகுத்தால் டிகிரிக்கு 545 ரூபாய்.

கேபினெட் முன்பக்கம் கண்ணாடியால் மூடியது என்றால் அதைவிடப் பாவம் இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொல்வது மாதிரி. சல்லடை முன்பக்கமும், காற்றை உள்ளே இழுக்க இரண்டு விசிறியும் இருந்தால், அந்த 6 டிகிரி கேபினெட் புழுக்கத்தில் பெரும்பகுதி போய்விடும். விசிறிகள் 1,200 ரூபாய் என்றால் டிகிரிக்கு சுமார் 200. கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். அதன் சூடும் அதே பெட்டிக்குள்தான் விழுகிறது.

மூன்றாவது வழிக்குச் செலவே இல்லை. பயாஸில் போய், பிராசஸர் குடிக்கும் மின்சாரத்துக்கு 125 வாட் என்று வரம்பு போடுங்கள். நம் கணக்குப்படி 54 டிகிரி ஏற்றம் 38 ஆகிறது. பதினாறு டிகிரி, இலவசம். வாட்டை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் வேகமும் மூன்றில் ஒரு பங்கு குறையாது. கடைசி வேகத்தைப் பிடிப்பதற்குத்தான் பிராசஸர் ஊதாரித்தனமாகச் செலவழிக்கிறது. மத்தியானம் 100-ஐத் தொட்டுத் தொட்டுத் தவிப்பதைவிட, 84-ல் சீராக ஓடுவது மேல். மாஸ்டர் வேகமாக ஓட்டுகிற பஸ்ஸைவிட, நின்று நின்று போகாத பஸ் முன்னால் போய்ச் சேருமே, அந்தக் கதை.

வாட்டுக்குக் கடிவாளம் போடும் பழக்கம் கம்பெனிகளுக்கே ஒரு முறை சூடுபட்டுத்தான் வந்தது. பெண்டியம்-4 வரிசையில் 2004-ல் வந்த பிரெஸ்காட்டின் கொதிப்பு அந்தக் காலத்து அசெம்ப்ளர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு அடுத்து வர வேண்டிய பிராசஸரை அதே வருடம் மே மாதம் இன்டெல் கைவிட்டது; சூடு அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதன் பெயர் தேஜஸ். நம் ஊர் தேஜஸ் விமானம் 2001-லேயே பறந்துவிட்டது. அவர்கள் தேஜஸ் தரையிலேயே வெந்துவிட்டது.

* * *

பக்கத்து ஊர் விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர் போனது. சூளை வைத்திருப்பவரிடம் சூட்டைப் பற்றிப் பாடம் எடுப்பது அதிகப்பிரசங்கித்தனம். ஆனாலும் ஒரு செய்தி அவர்களுக்குப் பிடிக்கும்: 1993-ல் வந்த முதல் பெண்டியத்தின் உடம்பே செராமிக்தான். இன்றைக்கும் பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே தடவுகிற வெள்ளைப் பசை என்பது பல சமயம் துத்தநாக ஆக்ஸைடு, அலுமினா மாதிரிப் பொடியை சிலிகோன் எண்ணெயில் குழைத்ததுதான். இரண்டு உலோகப் பரப்புக்கு நடுவே மாட்டிக்கொள்ளும் காற்றை விரட்டுவது அதன் வேலை. பட்டாணி அளவு போதும். சப்பாத்திக்கு நெய் மாதிரி அப்ப வேண்டாம். சில வருடத்துக்கு ஒரு முறை துடைத்துப் புதிதாக வைக்க வேண்டும். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எவ்வளவு விலை உயர்ந்த கூலரும் அந்தத் தாளிடம் தோற்கும்.

கடைசியாக, எந்த விமர்சனமும் மார்க் போடாத எதிரி: தூசி. நெல் தூசி, லாரி கிளப்பும் மண், பக்கத்து ஜில்லா சிமெண்ட். மூன்று மாதத்தில் தகடுகளுக்கு நடுவே கம்பளி நெய்துவிடும். மாதம் ஒரு நாள், மெஷினை அணைத்துவிட்டு, விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, ப்ளோயரால் ஊதுங்கள். புது கூலர் வாங்க நினைத்தவர்களில் சிலருக்கு அதோடு ஆசை தீர்ந்துவிடும்.

ஸ்டுடியோக்காரருக்கு என் தீர்ப்பு: இன்றைக்கே 125 வாட் வரம்பு. இந்த வாரம் தூசி, புதுப் பசை, முன்பக்கம் இரண்டு விசிறி. அதன் பிறகும் மத்தியானம் திணறினால் 3,000 ரூபாய் கோபுரம். வாங்குமுன் கேபினெட்டின் உள் அகலத்தை ஸ்கேல் வைத்து அளக்கவும். இந்தக் கோபுரங்கள் 15, 16 செ.மீ. உயரம், கதவு சாத்தாது. பிராசஸரின் சாக்கெட் பெயர் கூலர் பெட்டியில் இருக்கிறதா என்றும் பார்க்கவும். 2021-ல் வந்த எல்.ஜி.ஏ.1700 சாக்கெட்டில் இன்டெல் துளைகளின் இடைவெளியை மாற்றிவிட்டது. பழைய கூலர் தனி கிளாம்ப் இல்லாமல் உட்காராது. சென்னையில் மாட்டி ரயிலில் கொண்டுவருவதாக இருந்தால், கனமான கூலரைத் தனியாகக் கழற்றி எடுத்து வரவும். தண்ணி கூலருக்கு வைத்திருந்த மிச்சப் பணத்தை ஹார்டு டிஸ்க்கில் போடட்டும். பழைய கல்யாணங்கள் பத்திரமாக இருக்கும்.

தங்கச்சி பையனுக்கும் ஒரு வார்த்தை. விளக்குக்காகத்தான் ஆசை என்றால் விசிறியிலேயே விளக்கு வைத்து விற்கிறார்கள், தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால், சுவரில் மாட்டுகிற சாதாரண தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி மெஷின் பக்கத்தில் வையுங்கள். இருநூறு, முந்நூறு ரூபாய்தான். மத்தியானம் அது காட்டுகிற எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் இல்லாமல் எந்தக் கூலர் கடைக்கும் போக வேண்டாம்.