சத்தம் போடும் சம்ப் மோட்டார்

நிலத்தடிச் சம்பிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற, தமிழ்நாட்டு நகர வீடுகளில் பெரும்பாலும் பொருத்தப்படுவது அரை எச்.பி. அல்லது ஒரு எச்.பி. செல்ஃப் பிரைமிங் மோனோபிளாக். மோட்டாரும் பம்பும் ஒரே ஷாஃப்ட்டில் அமைந்த சிறிய இயந்திரம் இது. பின்முனையில் காற்றாடி, நடுவில் ரோட்டர், முன்முனையில் பித்தளை இம்பெல்லர், ஷாஃப்ட்டைத் தாங்க முன்னும் பின்னும் ஒவ்வொரு பால் பேரிங், தண்ணீர் மோட்டார் பக்கம் வராமல் தடுக்கக் கார்பனும் செராமிக்கும் ஒட்டி உரசும் ஒரு வாட்டர் சீல். உள்ளே இருப்பது அவ்வளவுதான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 2,800 சுற்று ஓடும். இம்பெல்லரின் விளிம்பில் வரிசையாகச் சிறு பற்கள். அவற்றுக்கும் பம்பின் உட்சுவருக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதிதான். சின்ன மோட்டாரை வைத்தே மூன்று மாடி உயரத்துக்குத் தண்ணீர் ஏற்ற உதவுவது இந்த நெருக்கம். மணல் துகள் புகுந்தாலே கூச்சலிட வைப்பதும் அதுவே. இவ்வகைப் பம்புக்கான இந்தியத் தரக் குறியீடான ஐ.எஸ். 8472, தெளிந்த குளிர்நீருக்கானது என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறது. வீட்டுச் சம்புகளில் அந்த நிபந்தனை எப்போதும் நிறைவேறுவதில்லை.

நல்ல நிலையில் உள்ள பம்பும் ஓசையின்றி ஓடாது. பற்கள் தண்ணீரை வெட்டிச் செல்லும் மெல்லிய, கூர்மையான ரீங்காரம் புதிய பம்பிலேயே உண்டு. அதைப் பழுதென்று எண்ணிப் பிரிக்கத் தேவையில்லை. சத்தம் மாறியிருந்தால்தான் கவனிக்க வேண்டும். அப்போது எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. மோட்டார் ஓடும்போதே சுவிட்சை அணைத்துக் காதைக் கொடுத்துக் கேட்பது. மின்சாரம் நின்ற கணமே சத்தமும் அறுந்தாற்போல் நின்றால், கோளாறு பெரும்பாலும் மின்பகுதியில். ஷாஃப்ட் சுற்றி ஓயும் அந்த ஓரிரு வினாடிகளும் சத்தம் கூடவே தேய்ந்து மறைந்தால், பேரிங், இம்பெல்லர், காற்றாடி ஆகியவற்றில் ஒன்று. சத்தம் ஓய்ந்த பிறகு குழாயில் ‘டம்’ என்று ஓர் இடி விழுந்தால் மோட்டாருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பழுது பார்ப்பவர்கள் பலரும் இந்தச் சோதனையைத் தாண்டி நேராக ஸ்பானரை எடுக்கிறார்கள். பாதி வீண்செலவு அங்கேதான் தொடங்குகிறது.

வெளியே உள்ளவற்றை முதலில் பார்ப்பதே முறை. பம்பின் அடித்தட்டிலுள்ள போல்ட்டுகள் அதிர்வில் தளர்ந்திருக்கும். சில வீடுகளில் போல்ட்டே இல்லாமல், செங்கல் மேல் வைத்துக் குழாயின் பிடிப்பிலேயே பம்ப் நின்றிருக்கும். அடியில் தடித்த ரப்பர் பட்டை கொடுத்து நான்கு போல்ட்டையும் சமமாக இறுக்கினால் பாதி இரைச்சல் அடங்கிவிடும் வீடுகள் உண்டு. படுக்கையறைச் சுவரை ஒட்டிச் செல்லும் ஜி.ஐ. குழாய் அதிர்வை அப்படியே சுவருக்குக் கடத்தும். கிளாம்புக்கும் குழாய்க்கும் நடுவே ரப்பர் வைப்பது அதற்குப் போதும். பின்பக்க மூடி நசுங்கிக் காற்றாடியில் உரசுவதும், உடைந்த பிளாஸ்டிக் இறக்கை தடதடப்பதும் கழற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுத்தது காற்று. சரளைக் கல்லை உருட்டுவது போன்ற கரகரப்பு கேட்டு, மேல் தொட்டியில் தண்ணீர் விட்டு விட்டு, வெண்மையாக நுரைத்து விழுந்தால், உறிஞ்சும் குழாய் எங்கோ காற்றை இழுக்கிறது. யூனியன், எல்போ, பம்போடு சேரும் மரை, இவை மூன்றும்தான் வழக்கமான இடங்கள். இங்கே சோப்பு நுரைச் சோதனை உதவாது, காற்று வெளியே வராமல் உள்ளே போவதால். இணைப்பின் மேல் கெட்டியான கிரீஸ் தடவி அல்லது தண்ணீர் ஊற்றிப் பார்த்தால், ஓட்டையுள்ள இடத்தில் சத்தம் சட்டென்று மாறும். த்ரெட் டேப் சுற்றி மீண்டும் இறுக்க வேண்டிய இடம் அது. சம்பில் தண்ணீர் குறைந்து குழாய் முனைக்கு மேல் சுழி விழுந்தாலும் இதே சத்தம் வரும். முனையை அடிவரை இறக்குவதும் சரியல்ல, சேற்றை வாரும்.

காற்று இல்லாமலும் சரளைச் சத்தம் வரலாம். உறிஞ்சும் பக்கம் அடைத்திருந்தாலோ, குழாய் அளவு சிறியதாக இருந்தாலோ, பம்பினுள் அழுத்தம் விழுந்து தண்ணீரே ஆவிக் குமிழாகி, அடுத்த கணம் நொறுங்கும். இதைக் கேவிட்டேஷன் என்பார்கள்; நாளடைவில் பித்தளையையே அரித்துவிடும். உறிஞ்சும் குழாயின் அடிமுனையிலுள்ள ஃபுட் வால்வின் சல்லடையில் பாசியோ பாலித்தீன் துண்டோ ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. பம்பின் வாய் ஒரு அங்குலம் என்றால் உறிஞ்சும் குழாயும் ஒரு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. முக்கால் அங்குலக் குழாயில் மிச்சம் பிடிக்கும் காசு, பிறகு இம்பெல்லருக்குச் செலவாகும்.

ஏற்றும் பக்கத்தில் பலரும் அறியாத ஒரு குணம் இந்தப் பம்புக்கு உண்டு. சாதாரண சென்ட்ரிஃப்யூகல் பம்பில் வெளிவழியைச் சுருக்கினால் மோட்டாரின் சுமை குறையும். இதில் சுமை ஏறும். கேட் வால்வு பாதி மூடியிருந்தாலோ, மேல் தொட்டி நிரம்பி மிதவை வால்வு அடைத்துக்கொண்டாலோ, மோட்டார் முனகிச் சூடாகும். ஆகவே இந்தப் பம்பை மிதவை வால்வால் நிறுத்த நினைப்பது தவறு. தொட்டி நிரம்பியதும் மின்சாரத்தையே துண்டிக்கும் தானியங்கி வேண்டும். அணைத்த பின் விழும் ‘டம்’, மேலேறிய தண்ணீர் திரும்பி வந்து ஃபுட் வால்வில் மோதும் ஓசை. பம்புக்கு மேலே ஸ்பிரிங் வைத்த நான் ரிட்டர்ன் வால்வு ஒன்றைப் போட்டால் நின்றுவிடும்.

மின்பகுதியின் ஓசை ஒரே சீரான உறுமல். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது வினாடிக்கு நூறு அதிர்வு. சுவிட்சைப் போட்டதும் உறுமிவிட்டுச் சுற்றாமல் நின்றால் உடனே அணைத்துவிட வேண்டும். சில நிமிடங்களில் காயில் கருகும். மெயினை அணைத்துவிட்டு, பின்மூடியைக் கழற்றி, ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பார்க்கலாம். பல பம்புகளில் ஷாஃப்ட்டின் பின்முனையில் ஸ்குரூடிரைவர் பொருந்தும் கீற்றும் இருக்கும். சுற்றவே மறுத்தால் பம்ப் ஜாம். கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பியவர்கள் வழக்கமாகச் சந்திப்பது இது. எளிதாகச் சுற்றியும் மோட்டார் கிளம்பவில்லை என்றால் பெரும்பாலும் கண்டென்சர் போயிருக்கும். அரை எச்.பி.க்குப் பொதுவாக 10 மைக்ரோஃபாரட், 440 வோல்ட். தகட்டில் எழுதியிருப்பதே இறுதி. பெரிய கண்டென்சர் போட்டால் மோட்டார் இன்னும் வலுவாக இழுக்கும் என்பது கடைத்தெரு நம்பிக்கை. உண்மையில் காயில்தான் சூடாகும். பழையதைத் தொடுமுன் அதில் தங்கிய மின்சாரத்தை ஒரு குண்டு பல்பு வழியாக இறக்கிவிட வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும், ஓய்ந்து நிற்கும்வரை கீறலும் உறுமலும் கேட்டால் பேரிங். ஸ்குரூடிரைவரின் முனையைப் பேரிங் இருக்கும் மூடியிலும் பிடியைக் காதோரமும் வைத்தால், முன்னதா பின்னதா என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் முன்னதுதான் போகும். காரணம் பேரிங்கில் இல்லை, வாட்டர் சீலில். சீல் தேய்ந்து கசியும் தண்ணீர் ஷாஃப்ட் வழியாகப் பேரிங்குக்குள் போய் கிரீஸைக் கழுவிவிடுகிறது. பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவே உள்ள திறப்பில் சொட்டோ, வெள்ளை உப்புப் படிவோ இருந்தால் சாட்சி தேவையில்லை. எனவே பேரிங்கை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய சீலை மறுபடி மாட்டுவது பாதி வேலை. சில மாதங்களில் அதே சத்தம் திரும்பும்.

மாற்றும் வேலை பொறுமையுள்ளவருக்குக் கடினமல்ல. மெயினை அணைத்து, ஒயர்கள் இருந்த இடத்தைப் படமெடுத்துக்கொண்டு, யூனியன்களைக் கழற்றிப் பம்பை மேசைக்குக் கொண்டுவர வேண்டும். முன்மூடி கழன்றதும் இம்பெல்லர் தெரியும். உப்புப் படிந்து ஷாஃப்ட்டோடு இறுகியிருந்தால் சுத்தியலால் தட்டக் கூடாது, பித்தளைப் பல் வளையும். பல இம்பெல்லர்களில் மரையிட்ட இரண்டு துளைகள் உண்டு; அவற்றில் போல்ட்டைச் சமமாக முறுக்கினால் தானே வெளியே வரும். பிறகு சீல், பின்பக்கம் காற்றாடி, பின்மூடி, கடைசியாக ரோட்டர். பேரிங்கைப் புல்லரால் உருவ வேண்டும். எண் அதன் மேலேயே பொறித்திருக்கும், இந்த அளவுப் பம்புகளில் 6202 அல்லது 6203. முன்னது 15 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டுக்கும் பின்னது 17 மில்லிமீட்டருக்கும் ஆனவை. தகடு மூடிய இசட் இசட் வகையைவிட, ரப்பர் மூடிய வகை ஈரத்தைத் தாங்கும். புதியதை ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் படும் குழாய்த் துண்டை வைத்துத் தட்ட வேண்டும். வெளிவளையத்தில் விழும் ஒரே அடி குண்டுகளின் பாதையில் பள்ளம் ஏற்படுத்தி, புதிய பேரிங்கையே சத்தம் போட வைக்கும். சீலின் வழவழப்பான முகங்களில் விரல் படக் கூடாது. ரப்பருக்குச் சோப்புத் தண்ணீர் போதும்.

இம்பெல்லரைத் திரும்ப மாட்டுமுன் பற்களையும் உட்சுவரையும் பார்க்க வேண்டும். படிவை மெல்லிய எமரித் தாளால் எடுத்துவிடலாம். ஆழமான கீறல்கள் விழுந்திருந்தால், சத்தம் அடங்கினாலும் தண்ணீர் பழைய உயரத்துக்கு ஏறாது. மூடியபின் ஷாஃப்ட் கையால் தடையின்றிச் சுற்ற வேண்டும். பம்புக்குள் தண்ணீர் நிரப்பிய பிறகே சுவிட்ச். காய்ந்த சீல் தண்ணீரில்லாமல் ஓடினால் விரைவிலேயே கெடும். எர்த் இணைப்பும், மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இல்லாத ஈர இடத்தில் ஓடும் பம்பைத் தொட்டுச் சோதிப்பது கூடாது.

இயந்திரமாக மதிப்பிட்டால், தெளிந்த தண்ணீரும் சரியான குழாயும் கிடைக்கும் வீட்டில் இந்த மோனோபிளாக் விலைக்கு நல்ல பொருள். உதிரிகள் ஊர்தோறும் கிடைக்கும். இரண்டு பேரிங்கும் சீலும் சில நூறு ரூபாய்க்குள் முடியும். காயிலும் கருகி இம்பெல்லரும் தேய்ந்திருந்தால் சரிசெய்யக் காசு போடாமல் புதியது வாங்குவதே லாபம். இரைச்சலே ஆகாது என்பவர்களுக்கு ஓப்பன்வெல் சப்மெர்சிபிள் பொருந்தும். தண்ணீருக்குள் மூழ்கியே ஓடுவதால் சத்தம் வெளியே வராது, காற்று பிடிக்கும் தொல்லையும் இல்லை. விலை கூடுதல், பழுதானால் சம்பிலிருந்து தூக்க ஆள் வேண்டும். குடிநீர்ச் சம்பில் இறக்குவதானால் எண்ணெய் நிரப்பிய மோட்டாரைத் தவிர்த்து, தண்ணீர் நிரப்பிய வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.