சுழலும் தட்டுக்கு ஓய்வு: பழைய மேசைக் கணினியில் எஸ்எஸ்டி

மும்பையில் தாராவியின் 90 அடி சாலையை ஒட்டிய ஜெராக்ஸ் கடைகளிலும், மாதுங்காவின் பழைய அடுக்ககங்களிலும், செம்பூரில் வீட்டின் முன்னறையையே அலுவலகமாக்கிக்கொண்ட கணக்காளர்களின் மேசைகளிலும், 2013இல் வெளியான நான்காம் தலைமுறை இன்டெல் செயலியோடும் 500 ஜிபி வன்தட்டோடும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் கணினிகளைக் காண்பது அரிதன்று. பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் குடித்து வந்தாலும் திரை முழுதாக விழித்திராத இக்கணினிகளைப் பற்றி உரிமையாளர் சொல்லும் காரணம் பெரும்பாலும் ‘பிராசசர் பழசு’ என்பதே. ஆனால் கணினி திணறும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால், செயலி பாதி வேலையும் இன்றி இருக்க, டிஸ்க் என்னும் கட்டம் மட்டும் 100 விழுக்காட்டில் சிவந்து நிற்பதைக் காணலாம்.

வன்தட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க் என்பது காந்தப்பூச்சு கொண்ட தட்டுகள் நிமிடத்துக்கு 7200 முறை சுழல, அவற்றின் மேல் ஒரு கை அசைந்து அசைந்து தரவைப் படிக்கும் எந்திரமாகும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லிவிநாடி ஆவதால், வேண்டிய இடம் கைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக 4 மில்லிவிநாடியும், அதற்கு முன் கை உரிய தடத்துக்கு நகர 9 மில்லிவிநாடி அளவும் செலவாகின்றன. ஆகவே சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை விநாடிக்கு எழுபது, எண்பது முறைக்கு மேல் அதனால் எட்டித் தொட இயலாது. விண்டோஸ் எழும்போதோ, டேலி என்னும் கணக்கு மென்பொருளில் ஓராண்டுக் கணக்கைத் திறக்கும்போதோ இத்தகைய சிறு வாசிப்புகள் ஆயிரக்கணக்கில் நேர்கின்றன. வன்தட்டுக்கு மாற்றாக வரும் எஸ்எஸ்டியின் அட்டைப்பெட்டியில் அச்சிடப்படும் ‘விநாடிக்கு 550 எம்பி’ என்னும் எண் வாங்குவோரைத் திசைதிருப்புவது இவ்விடத்தில்தான். தொடர்ச்சியான வாசிப்பில் பழைய தட்டும் 150 எம்பி அளவு தரக்கூடியது என்பதால் அந்த வேறுபாடு நான்கு மடங்குக்கும் குறைவே; மெய்யான ஆதாயம், ஒவ்வொரு வாசிப்புக்கும் ஆகும் 13 மில்லிவிநாடிக் காத்திருப்பு ஒரு மில்லிவிநாடியின் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குவதில் உள்ளது.

அந்தக் காத்திருப்பு சுருங்குவதற்குக் காரணம், திண்மநிலைச் சேமிப்பகமாகிய எஸ்எஸ்டியில் நகரும் உறுப்பு எதுவும் இல்லாமையே. தோஷிபாவில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகத்தின் நேண்ட் வகைச் சில்லுகளே இதில் தரவைத் தாங்குகின்றன. மின்சாரம் நின்றாலும் அவற்றிலுள்ள மின்னேற்றம் நிலைக்கும். அசையாத நினைவகம் என்பது மும்பைக்குப் புதிதன்று என்பதையும் போகிற போக்கில் சொல்லலாம்: டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1960இல் இயக்கிய டிஃப்ராக் கணினியின் முதன்மை நினைவகம் சிறு காந்த வளையங்களால் பின்னப்பட்டது; அதன் கொள்ளளவு, தலா 40 பிட் கொண்ட 2048 சொற்கள்.

வன்தட்டை எஸ்எஸ்டியாக மாற்றும் வேலை எளிது; ஆயினும் இரண்டு இடங்களில் கவனம் பிசகுவதுண்டு. மாஹிமில் மேற்கு வழித்தட ரயிலேறி கிராண்ட் ரோடில் இறங்கி லாமிங்டன் சாலையில் வாங்கி வரும் 2.5 அங்குல எஸ்எஸ்டி, மேசைக் கணினியில் 3.5 அங்குல வன்தட்டுக்கான இடத்தில் நேராகப் பொருந்தாதாகையால் ஒரு பிராக்கெட் வேண்டும். சுழலும் பாகம் இன்மையால் இரட்டை ஒட்டுநாடாவால் ஒட்டினாலும் பழுதில்லை, அழகுதான் குறையும். முதற்கவனம், சேமிப்பகத்தை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா முனையைப் பற்றியது. எச்81 சில்லுத்தொகுதி கொண்ட மதர்போர்டுகளில் நான்கு சாட்டா முனைகள் இருந்தாலும் இரண்டு மட்டுமே 6 கிகாபிட் வேகமுடையவை. மற்ற இரண்டும் 3 கிகாபிட்டோடு நின்றுவிடுபவை. எஸ்எஸ்டியை வேகமான முனையில் செருகி, பழைய தட்டை மெதுவான முனைக்கு மாற்றுவதே முறை. இரண்டாவது, பயாஸில் சேமிப்பக முறை ‘ஏஹெச்சிஐ’ என்று இருக்கிறதா என்பது. பழைய ‘ஐடிஇ’ முறையிலேயே விட்டால் எஸ்எஸ்டி தன் முழுத்திறனைக் காட்டாது.

பழைய தட்டில் உள்ளதை அப்படியே நகலெடுக்க குளோன்சில்லா போன்ற இலவச மென்பொருள்கள் உதவும். ஆனால் 500 ஜிபி தட்டிலிருந்து 240 ஜிபி எஸ்எஸ்டிக்கு நகலெடுக்க முனைவோர், பகிர்வுகளை முன்னதாகவே சுருக்காவிட்டால் நடுவழியில் நிற்க நேரும். பத்தாண்டுக் குப்பை சேர்ந்த கணினியில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவி, வேண்டிய கோப்புகளை மட்டும் எடுத்துவைப்பதே இக்கட்டுரையின் பரிந்துரை. ஒரு மாலைப்பொழுது கூடுதலாகச் செலவாகும், அவ்வளவே.

பயன்பாட்டில் தெரியும் மாறுதல் வியப்பூட்டுவது. ஒன்றரை, இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்ட தொடக்கம் இருபது விநாடி அளவுக்கு இறங்குகிறது. உலாவி தட்டியவுடன் திறக்கிறது. தையல் எந்திரங்களும் அச்சுப்பொறிகளும் அதிரும் தாராவிப் பட்டறைகளில், அதிர்வுக்கு அஞ்சாத சேமிப்பகம் என்பது வேகத்தினும் பெரிய வசதி. ஆனால் வீடியோ மாற்றத்துக்கு ஆகும் நேரமோ, இணையத்தின் மந்தமோ இதனால் குறையாது.

எழுத எழுதச் சில்லுகள் தேயும் என்னும் அச்சம் பொதுவாக மிகையானது. சாம்சங் 870 ஈவோவின் 500 ஜிபி வகைக்கு உறுதியளிக்கப்படும் எழுத்தளவு 300 டிபி. நாளொன்றுக்கு 40 ஜிபி எழுதினாலும் அதைக் கடக்க இருபது ஆண்டாகும். கவலைப்பட வேண்டியது வேறிடத்தில். அழித்த கோப்பின் இடத்தை விடுவிக்கும்படி இயங்குதளம் எஸ்எஸ்டிக்கு அறிவிக்கும் ‘டிரிம்’ என்னும் ஏற்பாட்டினால், தவறி அழித்ததை மீட்பது வன்தட்டில் போல எளிதன்று. தேய்வெல்லையை எட்டிய எஸ்எஸ்டி, மின்சாரமின்றி 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தரவைக் காத்தால் போதும் என்பதே ஜெடெக் என்னும் தர அமைப்பின் வரையறை. ஆதலால் திருமணப் படங்களை அதில் இட்டுப் பரணில் வைப்பது அறிவுடைமையன்று. அதற்கு, பழைய வன்தட்டே, நல்ல நிலையில் இருக்குமாயின், பொருத்தம்.

இக்கணினிகளின் மதர்போர்டுகள் பெரும்பாலும் என்விஎம்ஈ என்னும் வேறுவகை எஸ்எஸ்டியிலிருந்து தொடங்கும் வசதி அற்றவை. அடாப்டர் வாங்கி அந்த வகைக்குத் தாவுவது வீண்செலவு. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, நான்காம் தலைமுறைச் செயலிகளை விண்டோஸ் 11 ஏற்பதாக மைக்ரோசாஃப்ட் அறிவிக்கவில்லை என்பதையும் கருதினால், லினக்ஸுக்கு மாற ஆயத்தமானவருக்கே இம்முதலீடு நெடுநாள் பயன் தரும். அவர்களுக்கு ஒரு 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியும், ரேம் நினைவகம் 4 ஜிபியாக இருப்பின் அதை எட்டாக்குவதும் போதும்; அதற்குமேல் இப்பெட்டிக்கு ஒரு ரூபாயும் செலவிட வேண்டியதில்லை.